வயலின் டீச்சரிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஓர் இசைப் பள்ளியில் பதினாலு மாதமாக வயலின் கற்கிறாள். பள்ளியை நடத்தும் டீச்சர் கச்சேரி வாசிப்பவர், என் மாமியாரின் தங்கைக்கு நெருங்கிய தோழி. சித்தி சொல்லித்தான் அங்கே சேர்த்தோம். "நானே சொல்லிக் கொடுப்பேன், ஒரு பேட்ச்சில் மூன்று பேருக்கு மேல் வைக்க மாட்டேன்" என்றார் டீச்சர். முதலில் மாதாமாதம் கட்டினோம். போன ஜூனில் ஒரு வருட ஃபீஸ் 24,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். வாரம் இரண்டு வகுப்பு, வருடத்துக்கு 96 என்று பேச்சு.

செப்டம்பரிலிருந்து டீச்சர் வகுப்புக்கு வருவதில்லை. அவரிடம் கற்கும் ஒரு கல்லூரி மாணவிதான் எடுக்கிறார். பேட்ச்சில் இப்போது ஏழு குழந்தைகள். நவராத்திரி, தீபாவளி, மார்கழிக் கச்சேரி என்று ரத்தான வகுப்புகளுக்கு ஈடாக வேறு வகுப்பு வைக்கவில்லை. ஜனவரி பாதிக்குள் 60 வகுப்பு முடிந்திருக்க வேண்டும், நடந்தது 43. பள்ளி மூலமாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி 14,000 ரூபாய்க்கு வாங்க வைத்த வயலினும் இவளுக்குப் பெரிதாக இருக்கிறது. தோள் வலிக்கிறது என்கிறாள். இந்த நேரத்தில் ஆண்டு விழாவுக்கு 3,500 ரூபாய் கட்டும்படி வாட்ஸப்பில் செய்தி.

குருவிடம் போய்க் காசுக் கணக்கு பேசுவதா என்று கூசுகிறது. பேசினால் குழந்தையை ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. "பேசாமல் நிறுத்திவிடு" என்கிறார் கணவர். மகளுக்கோ வயலினை விட மனமே இல்லை.

– ஒரு தாய், திருச்சி

பதில்: மகளுக்கு வயலினை விட மனமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இவ்வளவு குளறுபடிக்குப் பிறகும் ஒரு குழந்தை வில்லைக் கீழே வைக்க மாட்டேன் என்றால், அந்த ஆசையைக் காப்பாற்றும்படி பேச வேண்டும். டீச்சரைத் தலைகுனிய வைப்பதால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வகுப்பு சரியாக வேண்டும், அது முடியாவிட்டால் பணம் திரும்ப வேண்டும், இவ்வளவுதான்.

கூச்சம் எனக்குப் புரிகிறது. விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நமஸ்காரம் பண்ணிய ஒருவரிடம் "பதினேழு வகுப்பு பாக்கி" என்று சொல்ல வாய் வராதுதான். ஆனால் நீங்கள் தட்சிணையைத் திருப்பிக் கேட்கவில்லை. 24,000 ரூபாய் 96 வகுப்புக்கான கட்டணம், வகுப்புக்கு 250. அதை நிர்ணயித்தவரே அவர்தான். அதைப் பற்றிக் கேட்பதால் அவர் குரு ஸ்தானத்துக்கு ஒரு குறையும் வராது.

டீச்சர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூத்த சிஷ்யை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் சங்கீதத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம், அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. மார்கழியில் வாசிப்பவருக்கு அந்த மாதம் கச்சேரிதான் முதல் வேலை. அந்தக் கல்லூரிப் பெண் நன்றாகவே சொல்லிக் கொடுப்பவராக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று ஆரம்பப் பாடத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. பதினாலு மாதத்தில் மகள் எதுவரை வந்திருக்கிறாள், செப்டம்பருக்குப் பிறகு எவ்வளவு நகர்ந்திருக்கிறாள் என்று பாட நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டு ஒரு நாள் வகுப்பில் ஓரமாக உட்காருங்கள். ஏழு குழந்தைகள் ஒன்றாக இழுக்கும்போது ஒரு குழந்தை ஸ்ருதி விலகினால் யாராவது கவனித்துத் திருத்துகிறார்களா? அந்த முக்கால் மணி நேரத்தில் உங்கள் மகளின் விரலையும் வில்லையும் எத்தனை முறை பார்த்தார்கள்? இதெல்லாம் சரியாக இருந்தால் மாணவி எடுப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சொன்ன வார்த்தை மாறியதற்கும் வகுப்பு குறைந்ததற்கும் மட்டும் பேசலாம்.

வயலின் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வயலினில் முழு அளவு, முக்கால், அரை, கால் என்று பல அளவு உண்டு. ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் அரை அல்லது முக்கால்தான் பொருந்தும். இடது கையை நீட்டச் சொல்லி அதன்மேல் வயலினை வைத்துப் பாருங்கள். முழங்கை லேசாக மடங்கிய நிலையிலேயே விரல்கள் வயலின் நுனியிலுள்ள சுருள் தலையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டினால்தான் எட்டுகிறது என்றால் அளவு பெரிது. நம் முறைப்படி சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்போது குழந்தை வளைந்து நெளிந்து சமாளித்துவிடும், அதனால் பெரியவர்கள் கண்ணுக்கு உடனே தெரியாது. தோள்வலிதான் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தவறான பிடி பழகிவிட்டால் மாற்றப் பல மாதம் ஆகும். அளவு மாற்றித் தரும்படி கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதுவரை வாடகைக்கு ஒரு சின்ன வயலின் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

பேசப் போகும் முன் ஒரு தாளில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். பாட நோட்டில் அந்தந்த நாள் தேதி போட்டு ஸ்வரம் எழுதியிருப்பார்கள், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ரத்து என்று வந்த வாட்ஸப் செய்திகள், பணம் கட்டிய ஜிபே விவரம், ரசீது எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். ரசீதே தரவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள், "வீட்டுக் கணக்குக்கு வேணும் டீச்சர்" என்றால் போதும்.

பிறகு நேரமும் இடமும். என் மகன் மிருதங்கம் கற்ற காலத்தில் இதே மாதிரி ஒரு குறையை ஆறு மாதம் மனதில் வைத்திருந்தேன். கடைசியில் ஃபீஸ் கட்டும் நாளில், வாசலில், நாலு பெற்றோர் நிற்கும்போது கொட்டிவிட்டேன். அந்த வாத்தியார் முகம் சுருங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நான் கேட்டது நியாயம்தான், ஆனால் அவர் பதில் சொல்ல ஒரு வழியையும் நான் விட்டுவைக்கவில்லை. அடுத்த மாதமே மகன் வகுப்பை விட்டான். அதனால் சொல்கிறேன்: வாட்ஸப் குழுவில் வேண்டாம், குழந்தை எதிரில் வேண்டாம், ஆண்டு விழாப் பரபரப்பில் வேண்டாம். சித்தியை நடுவில் இழுக்கவும் வேண்டாம். அவர் மூலம் போனால் உங்கள் குறை இரண்டு தோழிகளுக்கு நடுவிலான வருத்தமாக மாறிவிடும். நீங்கள் பேசப்போவதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லிவைத்தால் போதும்.

"டீச்சர், குழந்தை பாடத்தைப் பற்றி உங்ககிட்ட தனியா பத்து நிமிஷம் பேசணும், எப்போ வரலாம்?" என்று போனில் கேளுங்கள். நேரில் போனதும் நல்லதை முதலில் சொல்லுங்கள், உண்மையாக இருப்பதை மட்டும். பிறகு நேரே விஷயத்துக்கு வாருங்கள். "நீங்களே சொல்லித் தருவீங்க, மூணு பேர்தான் இருப்பாங்கன்னு நம்பித்தான் சேர்த்தோம். இப்போ ஏழு பேர் இருக்காங்க, நாலு மாசமா நீங்க வரலை. ஜூன்லேர்ந்து அறுபது வகுப்பு வரணும், நாப்பத்தி மூணுதான் நடந்திருக்கு. அந்தப் பதினேழு வகுப்பை எப்படி ஈடு பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க." அதோடு நிறுத்திவிடுங்கள். மௌனம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை நீங்களே பேசி நிரப்பாதீர்கள். "நான் தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிடுங்க" என்று நீங்கள் ஆரம்பித்துவிட்டால் பேச்சு உங்கள் மன்னிப்பைப் பற்றியதாகிவிடும்.

என்ன வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். என் யோசனை: வாரத்துக்கு ஒரு வகுப்பாவது டீச்சரே எடுக்க வேண்டும், விட்டுப்போன பதினேழும் கோடை விடுமுறைக்குள் நடக்க வேண்டும், வயலினை மாற்றித் தர வேண்டும். ஒப்புக்கொண்டால் அன்று மாலையே "இன்று பேசியபடி..." என்று தேதிகளோடு ஒரு நன்றிச் செய்தி அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் செய்திதான் கைகொடுக்கும்.

குழந்தையை ஓரங்கட்டுவார்களோ என்ற பயத்துக்கு என்னால் முழு உத்தரவாதம் தர முடியாது. பேசிய பிறகு மூன்று, நான்கு வகுப்பு கவனியுங்கள். முகம் வாடி வந்தாலோ, திடீரென்று கடைசி வரிசைக்குப் போனாலோ, அந்தப் பள்ளி உங்கள் மகளுக்கு உரிய இடம் இல்லை. அப்போது உங்கள் கணவர் சொல்வதுதான் சரி, ஆனால் "பேசாமல்" அல்ல. நிறுத்துவதானால் கணக்கு எளிது: 24,000-இல் நடந்த 43 வகுப்புக்கு 10,750 போக, மீதி 13,250 ரூபாய். அதை எழுத்தில் கேளுங்கள், பதிலுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். "கட்டிய ஃபீஸ் திருப்பித் தரப்படாது" என்று விண்ணப்பத்தின் அடியில் அச்சடித்திருக்கலாம். அதைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். நடத்தாத வகுப்புக்கும் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமையை அந்த ஒரு வரி தந்துவிடாது.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் எதிர்த்தரப்போடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தச் சேவை வேண்டுமானால் இந்தப் பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், ரசீது தர மறுப்பதும் அந்தச் சட்டத்தில் தவறான வணிக நடைமுறைகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. உங்கள் வயலின் விஷயம் இதில் வரும்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் மீதான புகார்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. பயிற்சி மையங்களுக்கு மட்டும் அது பொருந்தாது, அவற்றின் மீது புகார் செய்யலாம் என்றது. தனியாக நடத்தும் இசை வகுப்பு பயிற்சி மையத்தின் பக்கம்தான் சேரும் என்பது என் கருத்து. எதிர்த்தரப்பு "நாங்களும் கல்வி நிறுவனம்" என்று வாதாட இடமிருக்கிறது. 13,250 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கென்னவோ இது அந்தப் பத்து நிமிடப் பேச்சிலேயே தீரக்கூடியதாகப்படுகிறது.

ஆண்டு விழா 3,500-ஐ இப்போது கட்டாதீர்கள். பேசி முடித்த பிறகு, எதற்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். மகளுக்கு மேடையேற ஆசை இருந்தால் அதைக் கெடுக்க வேண்டாம்.

கேள்வி: பதினோரு வயது மகன் கீபோர்டு வகுப்புக்குப் போகிறான். தப்பாக வாசித்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பதாகச் சொல்கிறான். ஒரு நாள் வீங்கியிருந்தது. பள்ளி உரிமையாளர் மாஸ்டரின் அண்ணன். எப்படி நயமாக எடுத்துச் சொல்வது?

– ஒரு தந்தை, கோவை

பதில்: இதற்கு நயம் தேவையில்லை. மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அடுத்த வகுப்புக்கு மகனை அனுப்பாதீர்கள். வீக்கம் இன்னும் இருந்தால் படமெடுத்து வையுங்கள், டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். அவன் சொல்வதைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், "நீ சொன்னது நல்லது" என்று அவனிடம் சொல்லுங்கள்.

உரிமையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அண்ணன், தம்பி என்ற உறவு அவர்கள் பிரச்சினை, உங்களுடையது அல்ல. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கி வேதனைப்படுத்துவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். அவர் மழுப்பினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். அதே வகுப்பில் மற்ற குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கும் சொல்லுங்கள். ஃபீஸ் பாக்கியைப் பற்றி எனக்குப் பிறகு எழுதுங்கள், அதற்கு அவசரமில்லை.