பனியனைப் பலகையில் மாட்டுவது எப்படி? ஸ்கிரீன் பிரின்டிங் கேள்வி - பதில்

நாலு கலர் கை மெஷின் வைத்திருக்கிறேன். ரவுண்ட் நெக் பனியனை மாட்டுவதிலேயே நேரம் போகிறது. சில பீஸ்களில் டிசைன் கோணலாகவும் விழுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், அனுப்பர்பாளையம்

நேரம் போவது பெரும்பாலும் பலகையில் (பிரின்ட் அடிக்கப் பனியனை விரித்து மாட்டும் மெஷின் தட்டு) அல்ல, பனியனை அடுக்கி வைக்கும் விதத்தில். கட்டைப் பிரித்துத் தரையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்து, முன்பக்கமா பின்பக்கமா என்று புரட்டிப் பார்த்தால் எந்த மெஷினும் காத்துத்தான் கிடக்கும். இடுப்பு உயர மேசை ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் போடுங்கள். பிரின்ட் விழும் பக்கம் மேலே, அடிமடிப்பு மெஷினைப் பார்த்து, கழுத்து உங்களைப் பார்த்து இருக்கும்படி எல்லாப் பனியனையும் அடுக்குங்கள். அதன்பின் எதையும் திருப்ப வேண்டியதே இல்லை. அடிமடிப்பின் வாயை இரண்டு கையாலும் திறந்து, பலகை நுனியில் நுழைத்து, உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம். மேல்துணி பலகையில் தடவிய கம்மில் (பசையில்) உரசாமல் சற்றுத் தூக்கியே பிடியுங்கள்; கழுத்து சரியான இடத்துக்கு வந்தபிறகுதான் அதைக் கீழே படிய விட வேண்டும். முதலிலேயே ஒட்டிவிட்டால் பிய்த்துத் திரும்ப மாட்ட வேண்டியதுதான்.

கோணல் வருவது பெரும்பாலும் பக்கத் தையலை நம்புவதால். பனியன் தைக்கும் மெல்லிய பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சி முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கத் தையல் முன்னால் வந்தும், மற்றது பின்னால் போயும் நிற்கும். பலகையின் நட்டநடுவில் அழியாத மார்க்கரால் நீளக்கோடு போடுங்கள். கழுத்துத் தையல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் குறுக்கே ஒரு கோடு. கழுத்தின் நடு அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கட்டும். இரண்டு தோளும், இரண்டு அக்குளும் பலகை விளிம்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். புது ஆளாக இருந்தால் முதல் சில பீஸ்களைத் தோளோடு தோள் சேர்த்து மடித்து, கழுத்தில் ஒரு மடிப்புத் தடம் விழ வைத்துக் கொடுங்கள். கண் சீக்கிரம் பழகிவிடும்.

துணியை இழுத்து மாட்டவே கூடாது. நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவினால் போதும். அகலவாக்கில் இழுத்து ஒட்டி, வட்டமான லோகோ அடித்தால், எடுத்தபின் துணி சுருங்கும். வட்டம் முட்டை வடிவமாக நீளும், இங்க் பரப்பு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பார்ட்டி (ஆர்டர் கொடுத்தவர்) பீஸைத் திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும்.

இரண்டாவது கலர் அடிக்கும்போது துணி ஸ்கிரீனோடு (இங்க் இறங்கும் வலைச் சட்டம்) எழும்பி வருகிறது. கம் கூடப் போட்டால் சரியாகுமா?
- வாசகர், ஈரோடு

ஆகாது. தடிமனாகப் போட்ட கம் பனியனின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கம் தீர்ந்திருக்காது, பஞ்சு தூசி படிந்து பிடிப்பு போயிருக்கும். தண்ணீர் கம் என்றால் ஈர ஸ்பாஞ்சால் லேசாகத் துடையுங்கள், ஒட்டும் தன்மை திரும்பும். அதற்கும் சரிவராவிட்டால் பழசைச் சுரண்டி எடுத்துவிட்டு, அட்டையால் மெல்லிசாகப் புதிதாக இழுத்து விடுங்கள். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள்: சாதாப் பனியனுக்கு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், ஃபிளீசுக்கு (தடித்த துணி) சுமார் 3 மில்லிமீட்டர்.

ஃபிளாஷ் (ஒரு கலர் அடித்ததும் இங்க்கை உலர்த்தும் ஹீட்டர்) வைத்து அடிப்பவர்கள் முதல் பீஸுக்கு முன்பே பலகையைச் சூடாக்கிவிட வேண்டும். குளிர்ந்த பலகையில் மாட்டிய பருத்தி, ஃபிளாஷ் சூட்டில் ஈரம் போய்ச் சுருங்கும். இரண்டாவது கலர் முதல் கலரோடு பொருந்தாமல் ரெஜிஸ்ட்ரேஷன் தவறும்.

ஆட்டோ மெஷினில் மாட்டுபவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?
- வாசகர், கோவை

மணிக்கு 600 பீஸ் ஓட்டினால் பீஸுக்கு 6 விநாடி. அதனால் மாட்டுபவர் அடுக்கைத் தானே தேடி எடுத்து வைக்கக் கூடாது. மேசை காலியாகும் முன் அடுத்த அடுக்கை வேறொருவர் வைக்க வேண்டும். பிரின்ட் ஆன பனியனை எடுப்பவர் இரண்டு தோளையும் பிடித்து, முதலில் மேல்நோக்கிப் பிய்த்துத் தூக்கி, பிறகுதான் உருவ வேண்டும். பலகை மேலேயே உருவினால் ஈர இங்க் இழுபடும்.

கட் பீஸ் (தைப்பதற்கு முன் வெட்டிய துண்டு) பிரின்ட் செய்கிறோம். ஓரம் சுருண்டுகொள்கிறது.
- வாசகர், பல்லடம்

சிங்கிள் ஜெர்சியின் வெட்டு ஓரம் சுருளத்தான் செய்யும். கழுத்து வெட்டையும் நடு வெட்டுக் குறியையும் டேபிள் கோட்டோடு சேர்த்து முதலில் ஒட்டி, பிறகு ஓரங்களை விரல் நுனியால் விரித்து அழுத்துங்கள். பண்டில் நம்பர் ஸ்டிக்கர் (எந்தக் கட்டைச் சேர்ந்த துண்டு என்று காட்டுவது) கிழியாமல், எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்குங்கள். வரிசை மாறினால் ஒரே பனியனில் முன் துண்டும் பின் துண்டும் வேறு வேறு ஷேடில் தைக்கப்பட்டுவிடும்.