பழைய வரைபடங்களில் எல்லைப்புற ஊர்கள்: கேள்வி பதில்

சென்னை மாகாணத்தையும் அதைச் சூழ்ந்த சமஸ்தானங்களையும் காட்டும் பிரிட்டிஷ் பேரரசுக் கால வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள் குறித்துக் கேரள, ஆந்திர எல்லைகளில் வாழும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். நிலத்தகராறுகளுக்கு இங்கே தீர்ப்புக் கிடைக்காது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியை: பழைய மாகாண வரைபடம் ஒன்றில் சுற்றிலும் இளஞ்சிவப்பாக இருக்க, நம் சித்தூர்ப் பகுதி மட்டும் மஞ்சளாக இருக்கிறது. அச்சுப் பிழையா, ஐயா?

பிழையன்று, அம்மா. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிக்கு இளஞ்சிவப்பும் சமஸ்தானங்களுக்கு மஞ்சளும் பூசுவது அக்காலத்து வழக்கம். பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது; சித்தூர் வட்டத்தின் பெரும்பகுதியோ கொச்சி அரசருடையது, ஆனால் கொச்சியின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்தது. இதற்கு நேர்மாறாக, திருவிதாங்கூரின் கடற்கரையில் தங்கசேரியும் அஞ்சுதெங்கும் பிரிட்டிஷாரின் சிறு துண்டுகளாக இருந்தன. இணையத்தில் தேடும்போது ஆந்திரச் சித்தூரின் படங்களும் கலந்து வரும். அருகிலுள்ள ஆற்றின் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

செங்கோட்டையிலிருந்து ஒருவர்: தாத்தாவின் பெட்டியில் மாகாண வரைபடம் ஒன்று கிடைத்தது. ஆண்டு அச்சிட்டிருந்த மூலை கிழிந்துவிட்டது. செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையும் பெரியாறு ஏரியும் அதில் உள்ளன. சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் இருக்கிறது. எந்தக் காலத்தது என்று சொல்ல முடியுமா?

இப்படிப்பட்ட கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. ஆகவே ஏரி முழு உருவில் இருந்தால் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து வந்த ரயில் 1904 நவம்பரில் ஓடத் தொடங்கியது. பாதை விட்டுவிட்டுப் போகும் கோடாக இருந்தால் வேலை நடந்துகொண்டிருந்த காலம். முழுக் கோடாக இருந்தால் 1904க்குப் பிந்தியது. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் முதல் நாளில் பிறந்தது. எனவே 1904க்கும் 1911க்கும் இடைப்பட்டது என்று முதல் பார்வையில் சொல்லலாம்.

ஆனால் இந்த இரண்டு வரம்புகளும் சம வலிமை உடையவை அல்ல. இருப்பது வலுவான சான்று. இல்லாதது மெலிந்த சான்று. செப்புத் தகட்டில் புதிய ரயில் பாதையை மட்டும் சேர்த்துவிட்டு, மாவட்ட எல்லையைத் திருத்தாமல் மறுபடி மறுபடி அச்சடிப்பது அந்நாளில் சாதாரணம். ஆகையால் 1904 என்பது உறுதி, 1911 என்பது ஊகம். அளந்த ஆண்டு, செதுக்கிய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு ஆகிய மூன்றும் வேறுவேறு என்பதை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஆந்திரச் சித்தூரிலிருந்து ஒருவர்: 1900ஆம் ஆண்டு வரைபடத்தில் சித்தூர் வட ஆர்க்காட்டின் தலைநகராகவே இருக்கிறது. எங்கள் ஊர் தமிழ்நாட்டுக்கு உரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டும். அந்தப் படம் எந்த ஊரின் வரி எந்தக் கலெக்டரிடம் போனது என்பதைத்தான் காட்டுகிறது. வீட்டில் எந்த மொழி பேசினார்கள் என்பதைக் காட்டவில்லை.

திருத்தணியிலிருந்து ஒருவர், அதற்கு மறுப்பாக: நீங்கள் நழுவுகிறீர்கள். எங்கள் திருத்தணியை வரைபடத்தை வைத்துத்தானே மீட்டார்கள்?

இல்லை, ஐயா. ஆந்திர, சென்னை எல்லைத் தகராறு குறித்த படாஸ்கர் பரிந்துரை கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்தது. அதன்படி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. மாகாணப் படமே பத்திரம் என்றால், 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் மாவட்டத்தின் பெர்ஹாம்பூரையும் 1953 வரை இருந்த பெல்லாரியையும் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர், இடையில்: அப்படியானால் பாலக்காட்டையும் கேட்கலாமே?

கேட்கலாம். அதே படத்தைக் காட்டி மங்களூர்க்காரர் கோயம்புத்தூரைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இந்த வாதத்தில் மேலும் ஐந்து கடிதங்கள் வந்துள்ளன. எல்லாவற்றுக்கும் மேலே சொன்னதே பதில். பேரரசு தன் வசதிக்காகப் போட்ட கோட்டை நம் வசதிக்காக வேதவாக்காக்குவது வேடிக்கையானது. எல்லைப்புறத்தில் மக்கள் எப்படிக் கலந்து வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்பும் சித்தூர் நண்பர் காலின் மெக்கென்சி திரட்டிய கைபீதுகளை, அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளை, படிக்கட்டும். அவர் 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள் அவருக்காக ஊர்க்கதைகளைத் தொகுத்தார்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவற்றில் பெரும்பகுதி இருக்கிறது.

தேவிகுளத்திலிருந்து ஒரு மாணவி: பழைய படங்களில் எங்கள் மலை வெறுமையாக இருக்கிறது. அப்போது அங்கே மக்களே இல்லையா?

முதுவர், மன்னான் ஆகிய பழங்குடியினர் இருந்தார்கள். அளப்பவர் ஏறாத இடமும் வரி விளையாத இடமும் வெள்ளையாக விடப்பட்டன. வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதிய குறிப்புகளைப் படத்தோடு சேர்த்துப் படியுங்கள். தாளில் இல்லாத பலவும் எழுத்தில் உண்டு.

புத்தூரிலிருந்து ஒருவர்: 1858 வாக்கில் எடுத்த மதுரை, தஞ்சைப் புகைப்படங்களில் தெருக்கள் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. ஊரடங்கா?

லின்னேயஸ் டிரைப் எடுத்தவற்றைப் பார்த்திருப்பீர்கள். மெழுகு பூசிய காகித நெகட்டிவுக்கு ஒளி நெடுநேரம் விழ வேண்டும். நடமாடியவர்கள் அதில் பதியவில்லை. மேகங்களை நெகட்டிவின் மேல் தூரிகையால் தீட்டும் பழக்கமும் அவருக்கு உண்டு. வானத்தைப் பார்த்துப் பருவத்தைக் கணிக்காதீர்கள். தாமஸ், வில்லியம் டேனியல் தீட்டிய பாபநாசம் அருவி போன்ற ஓவியங்களில் இன்னும் கவனம் தேவை. களத்தில் வரைந்த கோட்டோவியம் லண்டனில் அச்சாகும்போது அழகுக்காக மாற்றம் பெற வாய்ப்புண்டு.

குப்பத்திலிருந்து ஒருவர்: இவற்றை எங்கே இறக்கிக்கொள்வது?

இதே கேள்வி பலரிடமிருந்து வந்துள்ளது. டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு, பிரிட்டிஷ் நூலகம். அளவுகோல் தெரியாத படத்தை இறக்காதீர்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர்: 1827இல் தொடங்கிய இந்திய அட்லாஸ் தாளை வைத்து என் தோட்டத்தின் வரப்பை நிறுவ முடியுமா?

முடியாது. அதில் ஓர் அங்குலம் நான்கு மைல். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கோடு தரையில் ஏறக்குறைய 250 மீட்டர் அகலம். உங்கள் தோட்டமே அந்த மைக்குள் மூழ்கிவிடும். தாலுகா அலுவலகத்தில் புல எண்ணைச் சொல்லி, நில அளவைப் பதிவின் நகல் கேளுங்கள்.

பாலக்காட்டிலிருந்து ஒருவர்: என் தாத்தாவின் தோட்டம் பழைய வரைபடத்தில்…

மேலே உள்ள பதில்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர்: இந்திய நில அளவைத் துறையின் தாள்களை எந்த எண்ணில் தேடுவது?

பாலக்காட்டுக்கு 58 பி, செங்கோட்டைக்கு 58 எச், ஆந்திரச் சித்தூருக்கு 57 ஓ. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பாகை அகலமும் ஒரு பாகை உயரமும் கொண்ட கட்டம். அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வந்த தாள்கள் அதற்குள் 1 முதல் 16 வரை எண்ணிடப்பட்டிருக்கும். கேட்கும்போது ஊரின் பெயரோடு இந்த எண்ணையும் எழுதுங்கள்.