பழைய கல் கட்டடத்தை நில அதிர்வுக்குப் பலப்படுத்துவது என்றால் என்ன? திருநெல்வேலிப் பக்கம் அது தேவையா?

தனித்தனியாக நிற்கும் சுவர், தளம், கூரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைப்பதுதான். பழைய தோற்றம் கெடாமல் செய்ய வேண்டும், அதில்தான் சிரமம்.

மேலிருந்து வரும் பாரத்தைக் கல் எளிதாகத் தாங்கும். பக்கவாட்டில் உலுக்கினால் இடையில் உள்ள காரை விட்டுப்போகும். பாளையங்கோட்டைப் பக்கம் இடிந்த பழைய சுவர் ஏதாவது கண்ணில் பட்டால் உற்றுப் பாருங்கள். கனத்த சுவர் பல இடங்களில் ஒரே சுவராக இருக்காது: வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். குலுங்கும்போது நடுச்சரக்கு கீழே இறங்கி இரண்டு முகத்தையும் வெளியே தள்ளும். சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்குவார்களே, அதே யோசனைதான். கூரை மட்டத்தில் சுற்றுப்பட்டை, இரு முகத்தையும் கோக்கும் குறுக்குக் கற்கள், மூலைகளில் துருப்பிடிக்காத கம்பி, அப்புறம் உள்ளே இருக்கும் பொந்துகளுக்குச் சுண்ணாம்புக் கரைசல். சிமெண்ட் வேண்டவே வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டிப் பழைய காரையை உதிர்த்துவிடும்.

“நம்ம பக்கம் அதிர்வே வராது, சுவரும் மூன்றடி கனம், என்ன ஆகப்போகிறது?” என்பார்கள். 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்த நில அதிர்வில் ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பறித்தவை அப்படிப்பட்ட கனத்த கல் சுவர்கள்தான். அன்றைய வரைபடத்தில் அந்த ஊரும் மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில்தான் இருந்தது.