கியர்பாக்ஸ் மாத்துறது ஈஸிங்க, மத்தது தான் கஷ்டம்

கேள்வி: சார், என்கிட்ட பத்து வருஷம் ஓடின ஆட்டோமேட்டிக் கார் இருக்கு. கொஞ்ச நாளா ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் உறுமுது, வண்டி இழுக்க மாட்டேங்குது, அப்புறம் டமார்னு ஒரு இடி. கியர்பாக்ஸ் போச்சுன்னு மெக்கானிக் சொல்லிட்டார். அதை மாத்துற செலவுக்கு பேசாம மேனுவல் கியர்பாக்ஸே போட்டுடலாமான்னு யோசிக்கிறேன், எனக்கு கியர் போட்டு ஓட்டவும் ரொம்ப ஆசை. நாலு போல்ட்டைக் கழட்டி மாட்டுற வேலை தானேன்னு ஃப்ரெண்டு சொல்றான். செய்யலாமா?

பதில்: அந்த போல்ட்டுல தான் நான் ஒருதடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதை அப்புறம் சொல்றேன். முதல்ல உங்க கியர்பாக்ஸ் நிஜமாவே போச்சான்னு பாருங்க. நீங்க சொல்ற அறிகுறி ஆயில் கம்மியா இருந்தாலும் வரும், கருகிப்போயிருந்தாலும் வரும், உள்ள ஆயிலைத் திறந்து மூடி விடுற சொலினாய்டு வால்வு ஒன்னு சிக்கினாலும் வரும். ஆயிலைக் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பாருங்க. கருப்பா இருந்து கருகின வாடை அடிச்சா உள்ள கிளட்ச் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, நல்ல நிறத்துல இருந்தா இன்னொரு மெக்கானிக்கிட்ட ஸ்கேனர் போட்டு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. நிறைய வண்டில ஆயில் அளவை இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே, அதுவும் சூடு ஏறினப்புறம் தான் பாக்கணும், ஆஃப் பண்ணிட்டு பாத்தா தப்பா காட்டும்.

சரி, போயே போச்சுன்னு வச்சுப்போம். அடுத்து ஒரே கேள்வி தான், உங்க மாடல்ல அதே இன்ஜினோட மேனுவல் வண்டி கம்பெனியிலயே வந்திருக்கா? வந்திருந்தா மேல படிங்க, வரலைன்னா இந்தப் பக்கத்தை மூடிட்டு ஒரு டீ குடிங்க. ஏன்னா வராத வண்டிக்கு, இன்ஜினோட கியர்பாக்ஸைச் சேர்க்கிற கூடு இருக்கே, அந்த பெல் ஹவுசிங்ல ஆரம்பிச்சு ஒவ்வொன்னா செஞ்சு பொருத்தணும், அது ரேஸ் வண்டி பண்றவங்க வேலை.

வந்திருந்தா தனித்தனியா பார்ட்ஸ் தேடாதீங்க. அடிபட்டு ஒதுக்கிப் போட்ட அதே மாடல் மேனுவல் வண்டி ஒன்னை முழுசா வாங்கிடுங்க. கியர்பாக்ஸ் எப்படியும் கிடைச்சிடும், ஆனா அதைத் தாங்குற மவுன்ட், கியர் லீவர், அதோட கேபிள், பெடல் செட்டு, கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஒரு சின்ன பிராக்கெட், அதுக்கு ஒரு சின்ன ஸ்க்ரூன்னு லிஸ்ட் போய்ட்டே இருக்கும், கடைசில அந்த ஒரு பிராக்கெட்டுக்காக வண்டி ரெண்டு மாசம் ஸ்டாண்டுலயே நிக்கும். முழு வண்டி இருந்தா எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும், எந்த வொயர் எங்க போகுதுன்னும் பாத்துப் பாத்து செய்யலாம்.

உள்ள என்ன மாறுதுன்னா, ஆட்டோமேட்டிக்ல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர்னு ஒன்னு ஆயில்ல சுத்திட்டு இருக்கும், அதை ஃப்ளெக்ஸ் பிளேட்னு ஒரு மெல்லிசு தகடு பிடிச்சிருக்கும். மேனுவலுக்கு அதெல்லாம் போயிடும், அந்த இடத்துல கனமான ஃப்ளைவீல், அது மேல கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் வரும். பின்சக்கரம் இழுக்கிற வண்டின்னா பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் நுனியில பைலட் பேரிங்னு ஒரு சின்ன சமாச்சாரமும் வேணும், ஆட்டோமேட்டிக் இன்ஜின்ல அது இருக்காது, இதை மறந்துட்டு எல்லாத்தையும் மாட்டிட்டு திரும்ப இறக்கினவங்க எத்தனையோ பேர். அதே வண்டில ப்ராப்பல்லர் ஷாஃப்ட் நீளமும் வேறயா இருக்கலாம், டிஃபரன்ஷியல் ரேஷியோவும் வேறயா இருக்கலாம், அடிபட்ட வண்டில இருந்தே கழட்டிக்கோங்க. முன்சக்கரம் இழுக்கிற வண்டின்னா டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளயே வந்துடும், ஆனா ஆக்சில் நீளத்தை ஒருதடவை அளந்துடுங்க.

இப்ப அந்த போல்ட் கதை. ஃப்ளெக்ஸ் பிளேட் மெல்லிசு, அதனால அதோட போல்ட் குட்டை. ஃப்ளைவீல் தடி, அதுக்கு நீளமான போல்ட் வேணும். ஒரு ஞாயித்துக்கிழமை அவசரத்துல நான் பழைய போல்ட்டையே போட்டு முறுக்கிட்டேன், நாலு மரை தான் பிடிச்சிருக்கும் போல. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு, அப்புறம் ஐடில்ல டக் டக்னு ஒரு சத்தம், இன்ஜின் பேரிங் தான் போச்சுன்னு இன்ஜினையே பிரிக்கப் போய்ட்டேன். நல்லவேளை கிளட்ச்சை மிதிச்சப்ப சத்தம் மாறுச்சு, சந்தேகப்பட்டு கியர்பாக்ஸை இறக்கினா ஃப்ளைவீல் ஆடிட்டு இருக்கு! மேனுவல் வண்டியோட போல்ட்டு, அதுவும் புதுசு, டார்க் ரெஞ்ச் வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்குங்க.

இதுவரைக்கும் சொன்னது ஸ்பானர் வேலை. நிஜமான தலைவலி வொயர்ல இருக்கு. முதல் நாள் எல்லாம் மாட்டிட்டு சாவியைத் திருப்பினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, ஏன்னா லீவர் P-லயோ (பார்க்கிங்) N-லயோ (நியூட்ரல்) இருக்குன்னு சிக்னல் வந்தா தான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு கரன்ட் போகும், அந்த லீவரையே நீங்க கழட்டிட்டீங்க. அந்த ரெண்டு வொயரை முறுக்கி விட்டுடலாம்னு சில பேர் சொல்வாங்க, செய்யாதீங்க, கியர்ல இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகி வண்டி பாய்ஞ்சா முன்னாடி நிக்கிறவங்க கதி என்ன? கிளட்ச் பெடல்ல ஒரு சுவிட்ச் போட்டு அது வழியா விடுங்க. பல வண்டில P-ல இல்லைன்னா சாவியே வெளிய வராது, அந்த லாக்கையும் பாக்கணும், இல்லைன்னா வண்டியைப் பூட்டிட்டு போக முடியாம முழிப்பீங்க. ரிவர்ஸ் லைட்டு வொயரை புது கியர்பாக்ஸ் சுவிட்சுக்கு இழுக்கணும். க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தா கிளட்ச் சுவிட்ச் அதுக்கும் தெரியணும், இல்லைன்னா கிளட்ச்சை மிதிச்ச உடனே இன்ஜின் கத்தும்.

அதுக்கப்புறம் ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர். புது வண்டிகள்ல இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் எந்நேரமும் பேசிட்டே இருக்கும், ஒரு ஆளைத் தூக்கிட்டா இன்னொரு ஆள் கோவிச்சுக்கிட்டு செக் இன்ஜின் லைட் போடும், சில வண்டில பவரையும் குறைச்சிடும். மேனுவல் வண்டியோட ஈசியூ போடலாம், ஆனா சாவியைச் சரிபாத்து திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசரோட அதைச் சேர்க்கணும், அது வேண்டாம்னா உங்க ஈசியூலயே மேனுவல் புரோகிராம் ஏத்தணும். இதைச் செஞ்சு தர ஆள் இருக்காரான்னு முதல்ல உறுதி பண்ணிட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்க. பழைய வண்டின்னா இந்தத் தொல்லை ரொம்ப கம்மி, அதுல மாத்துறதுல ஒரு அர்த்தம் இருக்கு.

என் கருத்து கேட்டா, செலவு மிச்சம் ஆகும்னு இதைச் செய்யாதீங்க, ஆகாது. கூலி, ஈசியூ, புது கிளட்ச் எல்லாம் கூட்டினா நல்ல நிலைமைல இருக்கிற பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே போட்டுட்டு போயிருக்கலாமேன்னு தோணும். அந்த வண்டி மேல பாசம், ஆசைக்காக செய்றேன்னா தாராளமா செய்யுங்க, இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் பதிவு பண்ற இடத்துலயும் மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

கேள்வி: என்னோடது ஏஎம்டி வண்டி. உள்ள இருக்கிறது மேனுவல் கியர்பாக்ஸ் தான்னு சொல்றாங்களே, அப்போ லீவரும் கிளட்ச் பெடலும் போட்டா போதுமா?

பதில்: பாதி சரி. அதுல கிளட்ச், ஃப்ளைவீல், கியர் எல்லாம் மேனுவல் மாதிரி தான், கிளட்ச்சை மிதிக்கிறதும் கியரை நகர்த்துறதும் உங்களுக்குப் பதிலா மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்யுது. அதனால மெக்கானிக்கல் வேலை முன்னாடி சொன்னதை விட கம்மி, ஆனா மேல சொன்ன ஈசியூ சண்டை அப்படியே இருக்கு. அந்த வேலையைச் செய்ற ஆக்சுவேட்டர் ஒன்னு மட்டும் போயிருந்தா அதை மாத்திட்டு ஓட்டுங்க.

கேள்வி: மேனுவலை ஆட்டோமேட்டிக்கா மாத்த முடியுமா? கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி வலிக்குது.

பதில்: முடியும், ஆனா வித்துட்டு ஆட்டோமேட்டிக்கே வாங்கிடுங்க. அதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணுங்க, கிளட்ச் பிளேட் தேய்ஞ்சாலும் கேபிள் துருப்பிடிச்சாலும் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், வண்டி வாங்கினப்ப இருந்ததை விட இப்ப கனமா இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. ஆமான்னா கிளட்ச் செட்டை மாத்துங்க.