உதவி செய்தும் நட்பு அமையவில்லை என்றவருக்கு

புது ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்கு வலியப் போய் உதவினாலும், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களிடம் குறை இல்லை, பழகிய நேரம்தான் போதவில்லை. அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்று அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் கணக்கிட்டார். (சேர்ந்து வேலை பார்த்த நேரம் அவ்வளவாகச் சேராதாம்!)

அதனால் திரும்பவும் கண்ணில் படக்கூடியவர்களாகப் பாருங்கள். மாடிப்படியில் பையோடு முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. பையை வாங்கிக்கொண்டு ஏறும்போதே பெயரைக் கேட்டுவிடுங்கள். அடுத்த முறை, "முழங்கால் வலி இப்போ பரவாயில்லையா?" என்று விசாரியுங்கள். இன்னொன்று, உதவி செய்துகொண்டே இருப்பவரிடம் நெருங்கப் பலருக்குக் கூச்சம். நீங்களும் ஏணியோ சுத்தியலோ இரவல் கேளுங்கள்.