தீவு வாங்கி மனை பிரித்து விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நான்கு ஆண்டுகளாக எனக்கென்று ஒரு சிறு மனை வைத்திருக்கிறேன். மரம், குளம், நடைபாதை, விளக்கு என்று அதை நான் அமைத்திருக்கும் விதத்தைப் பார்த்து, அங்குள்ள நண்பர்கள் சிலர் தங்கள் மனைகளையும் அழகுபடுத்தித் தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தேன். இப்போது ஒரு முழுத் தீவை வாங்கி, 16 மனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வீடும் தோட்டமும் அமைத்து விற்க ஆசை. வங்கியில் 4 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. அதை எடுக்கலாமா? "இல்லாத நிலத்துக்கு இருக்கிற பணமா?" என்று கணவர் கேட்கிறார்.
– வாசகி, திருப்பூர்

பதில்: வைப்புத்தொகையைத் தொடாதீர்கள். தீவும் வேண்டாம். ஆனால் அதற்கு உங்கள் கணவர் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. அந்த நிலம் இல்லாததாக இருக்கலாம். அதை வைத்துச் சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள். 'ஆன்ஷி சுங்' என்ற பெயரில் அங்கே உலவிய ஐலின் கிராஃப், 10 டாலருக்கும் குறைவான முதலீட்டில் தொடங்கியவர். மொத்தமாக நிலம் வாங்கினார், துண்டு போட்டார், மலையும் கடற்கரையும் அமைத்து விற்றார், வாடகைக்கும் விட்டார். 2006 மே மாதம் பிஸினஸ் வீக் பத்திரிகை அவரை அட்டையில் போட்டது. அதே ஆண்டு நவம்பரில், தன் மெய்நிகர் சொத்துகளின் மதிப்பு 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். நீங்கள் செய்ய நினைப்பதும் ஏறக்குறைய அதே தொழில்தான்.

ஆனால் அவர் தொடங்கியபோது கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது, நிலம் போதவில்லை. இன்று நிலைமை தலைகீழ். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனத்தின் பிரதான நிலப்பரப்பில் (தனித்தீவுகள் இதில் சேரா) கைவிடப்பட்ட மனைகள் ஏராளம். உங்கள் மனைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடந்தால், அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்துச் சதுர மீட்டர் ஒரு லிண்டன் டாலர் (அந்த உலகின் நாணயம்) என்ற அளவில் வாங்கிக்கொள்ளலாம். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் என்று வைத்தால், 1,024 சதுர மீட்டர் மனையின் விலை நான்கு டாலர் சொச்சம். நிலத்துக்கு விலையே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். விலை இருப்பதெல்லாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்குத்தான்.

தீவின் கணக்கும் அங்கேதான் இடிக்கிறது. ஒரு முழுப் பகுதி என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். தனித்தீவாக வாங்கினால் தொடக்கக் கட்டணம் 300 டாலருக்கு மேல், மாதக் கட்டணம் 200 டாலருக்கு மேல். உங்களுக்குச் சாதகமாக 300, 200 என்றே வைப்போம். டாலர் 85 ரூபாய் என்போம். தொடக்கத்தில் 25,500 ரூபாய், பிறகு மாதம் 17,000 ரூபாய். ஒரு மனைகூடப் போகாவிட்டால் 22 மாதங்களில் 4 லட்சமும் கரைந்துவிடும். 16 மனைகளில் இரண்டு பாதைக்கும் நீருக்கும் போய்விடும். மீதி 14-இல் பத்துக்கு ஆள் கிடைத்தால் நல்ல காலம். அந்தப் பத்துப் பேரும் மாதம் ஆளுக்கு 20 டாலர், அதாவது 5,000 லிண்டன் டாலர் கொடுத்தால்தான் உங்கள் கையைக் கடிக்காது. லாபம் அதற்கு மேல்தான். லிண்டன் டாலரை உண்மைப் பணமாக மாற்றும்போது பிடிக்கப்படும் கட்டணத்தை நான் இன்னும் கழிக்கவில்லை.

'விற்க ஆசை' என்று எழுதியிருக்கிறீர்கள். தனித்தீவில் அப்படி விற்றுவிட்டு விலகிக்கொள்ள முடியாது. வாங்கியவர் உங்களுக்கு மாதக் கட்டணம் தருவார், நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டுவீர்கள். நீங்கள் நிறுத்தினால் தீவே இருக்காது. வாங்கியவர்களின் மனைகளும் அதோடு போய்விடும். நீங்கள் ஏற்பது முடிவே இல்லாத வாடகை நிர்வாகம். இரவு பதினொன்றரைக்கு "பக்கத்து மனைக்காரர் என் ஜன்னலை மறைத்துக் கோபுரம் கட்டுகிறார்" என்று வரும் செய்திக்குப் பதில் சொல்வதும் அதில் சேரும். பகலில் வேலைக்குப் போகிறவருக்கு இது தேவையா?

விலையைத் தீர்மானிப்பவர் யார் என்பதையும் பாருங்கள். 2006 நவம்பரில் புதுத் தீவுகளின் தொடக்கக் கட்டணம் 1,250 டாலரிலிருந்து 1,675 ஆனது. மாதக் கட்டணம் 195-லிருந்து 295 ஆனது. 2008-இல் அதே தொடக்கக் கட்டணம் 1,000 டாலராகக் குறைந்தது. முந்தைய விலைக்கு வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்களின் சரக்கு ஓர் அறிவிப்பில் மலிந்துபோனது. அதே ஆண்டு அக்டோபரில், ஓப்பன்ஸ்பேஸ் என்ற மலிவு வகைத் தீவுகளின் மாதக் கட்டணம் 75 டாலரிலிருந்து 125 ஆகும் என்றார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு அந்த உயர்வு படிப்படியாக்கப்பட்டது. நிலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உருவாக்கக்கூடிய ஒரே நிறுவனம், கட்டணத்தையும் அதுவே வைக்கிறது, விதிகளையும் அதுவே எழுதுகிறது. அமெரிக்க வழக்கறிஞர் மார்க் பிராக்கின் கணக்கை 2006-இல் அந்த நிறுவனம் முடக்கியது, அவருடைய நிலங்களும் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். தகராறுகளை நடுவர் தீர்ப்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற ஒப்பந்த விதியை 2007 மே மாதம் நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தீர்ப்பு வராமலே போனது. பட்டா இல்லாத மனையில் பங்களா கட்டுவதற்கு நம் ஊரில் எவ்வளவு யோசிப்போமோ, அவ்வளவு இங்கேயும் யோசிக்க வேண்டும்.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டம் சறுக்கும் இடம் இதுதான். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கைமாற்றலாமா. சந்தையில் கிடைக்கும் மரம், வீடு, பாலம் போன்றவற்றில் பெரும்பாலானவை நகலெடுக்கலாம், ஆனால் கைமாற்ற முடியாது என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. மனையை விற்பனைக்குப் போடும்போது 'பொருள்களையும் சேர்த்து விற்கவும்' என்ற தெரிவு வரும். அதை அழுத்தினாலும், கைமாற்றத்தக்க பொருள்கள் மட்டுமே வாங்குபவர் பெயருக்கு மாறும். மற்றவை உங்கள் பெயரிலேயே நிற்கும். படத்தில் பூத்துக் குலுங்கிய செர்ரித் தோப்பைப் பார்த்துப் பணம் கொடுத்தவர் ஏதோ ஒரு நாள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தினால், தோப்பு முழுவதும் உங்கள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் வந்து விழும். அவருக்கு மொட்டைத் தரை. உங்கள் நல்ல பெயர் அன்றோடு போயிற்று.

கைமாற்ற முடிகிற பொருளாகத் தேடி வாங்கினால் செலவு கூடும்; நகலெடுக்க முடியாத வகை என்றால் ஒவ்வொரு மனைக்கும் ஒவ்வொரு மரத்தைத் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். முழு அனுமதியோடு விற்கப்படும் மூலப்பொருள்களுக்கும், அப்படியே மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற உரிம நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் கொள்ளளவு. ஒரு மனையில் எவ்வளவு பொருள் வைக்கலாம் என்பதற்கு, அங்கிருப்பவர்கள் லேண்ட் இம்பேக்ட் என்று சொல்லும் ஓர் எல்லை இருக்கிறது. பிரதான நிலப்பரப்பில் 1,024 சதுர மீட்டர் மனைக்கு அது 351. அழகுக்காக நீங்கள் 250-ஐச் செலவழித்துவிட்டால், வாங்குபவர் தன் கட்டிலையும் சோஃபாவையும் வைக்க 101 மட்டுமே மிஞ்சும். அங்கே மனை தேடுபவர்களில் பலர் தங்கள் வீட்டைப் பையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டைக் கலைத்துவிட்டுத் தங்கள் வீட்டை வைப்பார்கள். நீங்கள் இட்ட உழைப்புக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

வீட்டோடு கூடிய அழகான மனைதான் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நிறுவனமே அழைத்துக்கொண்டுவிட்டது. 2019-இல் திறந்த பெல்லிசேரியா கண்டத்தில், கட்டண உறுப்பினர்களுக்கு வீடு, படகு வீடு, சாலை, மரங்கள் என்று எல்லாம் சந்தாவுக்குள்ளேயே கிடைக்கின்றன. உங்களுக்கு நிலம் விற்பவரே அலங்கரித்த மனையைச் சந்தாவோடு இலவசமாகக் கொடுக்கும்போது, அவரோடு விலையில் மோத முடியாது.

என்ன செய்யலாம்? உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, நண்பர்கள் கேட்டார்கள், செய்து கொடுத்தேன் என்பது. அதற்குக் காசு வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இனி வாங்குங்கள். ஏற்கெனவே தீவு வைத்திருப்பவர்களுக்குக் காலி மனையைவிட அழகான மனை சீக்கிரம் வாடகைக்குப் போகும். மாதக் கட்டணத்தை அவர்கள் கட்டட்டும். பொருள்களையும் அவர்கள் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள், அனுமதித் தொல்லை பாதி தீர்ந்துவிடும். நீங்கள் வடிவமைப்புக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பாதியை முன்பணமாக.

அதைவிட நல்ல வழி உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. துணியும் வடிவமும் தெரிந்தவர் நீங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் இலவசம். திரைச்சீலை, விரிப்பு, தோட்டத்து நிழற்குடை, மெத்தை உறை என்று நீங்களே செய்து அங்குள்ள சந்தையில் வைத்தால், ஒரு முறை செய்ததை எத்தனை பேருக்கும் விற்கலாம். பதிவேற்றக் கட்டணமும் விற்பனைத் தரகும்தான் செலவு. நிலவாடகை ஓடாது. நகலெடுக்கலாம், கைமாற்ற முடியாது என்ற நிபந்தனை அப்போது உங்கள் பக்கம் வேலை செய்யும்.

மனை வியாபார ஆசை அப்படியும் அடங்காவிட்டால், பிரதான நிலப்பரப்பில் ஒன்றே ஒன்றில் செய்து பாருங்கள். அங்கே விற்றால் உண்மையாகவே கைமாறும். வாங்கியவர் கட்டணத்தை நிறுவனத்துக்கு நேரே கட்டுவார். பிரீமியம் என்ற கட்டண உறுப்பினர் சந்தாவில் 1,024 சதுர மீட்டருக்குத் தனி நிலக்கட்டணம் இல்லை, அந்த எல்லைக்குள் நில்லுங்கள். எல்லையைத் தாண்டி ஒரே நாள் வைத்திருந்தாலும், அந்த 30 நாள் சுழற்சியில் நீங்கள் வைத்திருந்த அதிகபட்சப் பரப்புக்குத்தான் கட்டணம் வரும். தேர்ந்தெடுக்கும்போது நிறுவனத்துக்குச் சொந்தமான சாலையையோ கடலையோ ஒட்டிய மனையாகப் பாருங்கள். பிளேக் கடல் ஓரம் படகோட்டிகள் விரும்பும் இடம். அந்தப் பக்கம் யாரும் சுவர் எழுப்ப முடியாது என்பதற்குத்தான் விலை. அலங்காரத்தை அளவோடு வையுங்கள்: தரையின் ஏற்ற இறக்கம், ஒரு நடைபாதை, நான்கு மரம். தரையமைப்பு கொள்ளளவைத் தின்னாது, கைமாற்றத் தொல்லையும் அதற்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது "அப்படியானால் டிசென்ட்ராலாண்டில் வாங்குங்கள், அங்கே நிலம் உங்களுக்கே சொந்தம்" என்று, கிரிப்டோ நாணயத்தில் இயங்கும் இன்னொரு மெய்நிகர் உலகைச் சொல்லக்கூடும். 2021 நவம்பரில் அங்கே 116 மனைகள் 24 லட்சம் டாலருக்கு விலைபோயின. அந்த மாதம் ஐந்து டாலரைத் தாண்டிய, அந்த உலகின் மானா நாணயம், 2022 முடிவில் அரை டாலருக்கும் கீழே கிடந்தது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மனை விற்பதற்கும் வடிவமைத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு வரியிலும் தெரியும். 2022 ஏப்ரல் 1 முதல், மெய்நிகர் டிஜிட்டல் சொத்தை விற்று வரும் லாபத்துக்கு இந்தியாவில் 30 சதவீத வரி, அதோடு செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு நேர்செய்யவும் முடியாது. சட்டத்தின் விளக்கம் கிரிப்டோ நாணயங்களோடு நிற்கவில்லை. வேறு எந்த முறையில் உருவான டோக்கனையும் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமானது. எனவே லிண்டன் டாலருக்கும் மெய்நிகர் மனைக்கும் அது பொருந்தாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வடிவமைப்புக் கட்டணம் அப்படியல்ல. அது தொழில் வருமானம். கணினி, இணையம், சந்தா எல்லாவற்றையும் செலவாகக் காட்டலாம். நீங்கள் மாதச் சம்பளம் வாங்குபவர், ஆகவே பக்கவருமானத்துக்கு உங்கள் நிறுவனத்தின் பணி ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதல் வேலைக்குக் கூலி வந்தவுடன், தொகை சின்னதாக இருந்தாலும், அதை லிண்டன் டாலரிலிருந்து டாலராக்கி, அடையாளச் சரிபார்ப்பை முடித்து, உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாயாக வந்து சேரும்வரை ஒரு முறை முழுவதுமாகச் செய்து பாருங்கள். வழியில் எங்கெங்கே எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வேலைக்கு என்ன கட்டணம் கேட்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.