இங்கிலாந்தில் சட்ட உதவிக் கடனை ஏன் தனியார் நிறுவனம் வசூலிக்கிறது?

கிரவுன் நீதிமன்ற (கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) வழக்குகளில் சட்ட உதவி, அதாவது அரசுச் செலவில் வழக்கறிஞர், பெறுவோருக்கு 2010இல் வருமானச் சோதனை வந்தது. வரி, வாடகை, குடும்பச் செலவு போக மாதம் மிஞ்சுவதில் 90 சதவீதத்தை, வழக்கு நடக்கும்போதே மாதம் ஒன்றாக ஐந்து தவணை கட்ட வேண்டும், தாமதித்தால் ஆறு. குற்றவாளி எனத் தீர்ப்பானால் 30,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தும் கணக்கில் வரும், வீடு உட்பட. விடுதலையானால் கட்டிய தவணைகள் வட்டியோடு திரும்பும்.

இப்படித் தவணை துரத்தும் வேலையைத்தான் அப்போது ரோசன்டேல்ஸ் என்ற கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். தொகையை முடிவு செய்வது அரசு. வாங்குவது மட்டுமே நிறுவனம். இருந்தும், குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர் வீட்டுக்குக் கடன் கட்டாதவருக்கு அனுப்புவதுபோல் கடிதம் போவது அநியாயம் என்றே நினைக்கிறேன். வருமானம் குறைந்தால் உடனே தெரிவித்து, மறுகணக்குக் கேளுங்கள்.